மூடிக்குப் பத்து

புதிதாகச் சேர்ந்திருக்கும் பொறியாளர்களுக்காக என் அனுபவத்திலிருந்து நாலு பக்கம் எழுதித் தர முடியுமா என்று நிறுவனத்தில் கேட்டார்கள். கொஞ்சம் ஊக்கமளிக்கும் விதமாக இருந்தால் நல்லது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். நான் ஓய்வுபெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. குவீன்ஸ்டவுன் வீட்டில் சன்னலோரம் உட்கார்ந்து, எந்த மேலாளருக்கும் பயப்படாமல் எழுத வசதியாகத்தான் இருக்கிறது. ஊக்கம் வேண்டுமென்றால் காலையில் ஒரு கோப்பி குடியுங்கள். நான் தப்புச் செய்த கதையைத்தான் எழுதப் போகிறேன். பிடிக்காவிட்டால் அவர்கள் இதைப் போடாமல் விடட்டும்.

நம் தொழில் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் உங்கள் வீட்டில் யாராவது இதை எடுத்துப் படிக்கக்கூடும், அவர்களுக்காக ஒரு வார்த்தை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை ஒரு கருவிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டிகளைச் செய்கிறோம். ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்டாவால் நிதானமாக மொண்டு ஊற்றலாம். சின்னக் கிண்ணத்தால் படு வேகமாகவும் ஊற்றலாம். வேகம் கூடினால் கிண்ணம் போதும், பெட்டியும் சிறுத்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கொஞ்சம் சிந்தும். சிந்துவதெல்லாம் சூடாக மாறும். முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சிந்தலோடுதான் நான் மல்லுக்கட்டினேன்.

நான் சொல்ல வந்த பெட்டி மின்தூக்கிக்கானது. அடுக்குமாடியில் மின்சாரம் போனால் தூக்கி நடுவில் நின்றுவிடும். அப்போது பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து, தூக்கியை அருகிலுள்ள மாடிக்கு நகர்த்தி, கதவைத் திறந்துவிட ஒரு பெட்டி வேண்டும். மற்ற நேரமெல்லாம் அந்தப் பெட்டி பேட்டரியைச் சார்ஜ் செய்துகொண்டும், தூக்கியின் கட்டுப்பாட்டுப் பலகைக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டும் சும்மா இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பழைய பெட்டி ஒரு பெரிய அரிசிக் குக்கர் அளவு இருந்தது. புதுத் தூக்கிகளுக்குத் தனி இயந்திர அறை கிடையாது. எல்லாவற்றையும் மேல்மாடியில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஒல்லியான அலமாரிக்குள் அடக்க வேண்டும். மின்தூக்கி நிறுவனத்தார் எங்களிடம் வந்து, இதை டிபன் பாக்ஸ் அளவுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்கள்.

எங்கள் கூட்டத்தில் எல்லாரும் முடியாது என்றார்கள். நான் முடியும் என்றேன். அன்று எனக்கிருந்த திமிரை நான் இன்றும் குறைத்துச் சொல்ல மாட்டேன். புதுவகைச் சுவிட்சுகள் வந்திருந்தன, பழையவற்றைவிடப் பல மடங்கு வேகமாகத் திறந்து மூடுபவை. எட்டு மாதம் உட்கார்ந்து அந்தப் பெட்டியைச் செய்தேன். முதல் மாதிரியைக் கையில் எடுத்தபோது, கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று எங்கள் திட்ட மேலாளர் ஜெகனிடம் சொல்லிக் காட்டினேன். எந்தப் பழமொழியையும் ஆறு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு சொல்வது நல்லது.

இனி என் தப்புக்கு வருகிறேன். அது தெரியாத்தனத்தால் வந்த தப்பு என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். பழக்கத்தால் வந்தது.

பெட்டிக்குள் எந்த இடம் எவ்வளவு சூடாகிறது என்று பார்க்க நாம் தெர்மல் கேமராவைப் பயன்படுத்துகிறோம். அந்தக் கேமராவுக்கு உலோக மூடிக்கு உள்ளே இருப்பது தெரியாது. ஆகவே மூடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் படம் எடுப்போம். மூடியைக் கழற்றினால் சூடு மேலே ஓடிவிடும் அல்லவா, அதற்காகக் கிடைத்த எண்ணோடு பத்து டிகிரி கூட்டிக்கொள்வோம். எங்கள் ஆய்வகத்தில் இதற்கு ‘மூடிக்குப் பத்து’ என்றே பெயர். எனக்குத் தொழில் கற்றுத் தந்த பெரியவர் கொண்டுவந்த வழக்கம் அது. அவர் பெயரை எழுத மாட்டேன், அவர் இப்போது இல்லை. அவரைப் போல ஒரு மூளையை நான் பார்த்ததில்லை. பெண்பிள்ளைக்குச் சாலிடரிங் எதற்கு என்று மற்றவர்கள் சிரித்த காலத்தில், சாலிடரிங் கம்பியை என் கையில் கொடுத்துவிட்டு அவர் அறையை விட்டு வெளியே போனார். அவர் சொன்ன பத்தை நான் கேள்வி கேட்டதே இல்லை.

அவருடைய பத்து அவருடைய பெட்டிகளுக்குச் சரியாக இருந்தது. அவை பெரியவை, உள்ளே காற்று உலாவ இடம் இருந்தது. என் பெட்டியில் ஒரு கடலைமிட்டாய் செருகக்கூட இடமில்லை. மூடி கிட்டத்தட்ட உறுப்புகளின் தலையில் இடித்துக்கொண்டிருந்தது. அதற்கும் அதே பத்தைத்தான் கூட்டினேன். அதோடு நம் ஆய்வகம் எப்போதும் பனிக்கட்டி மாதிரி குளிர்ந்திருக்கும், எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்தக் குளிரில் திறந்து கிடந்த பெட்டியை அளந்து, எல்லாம் நலம் என்று கையெழுத்துப் போட்டேன். சான்றிதழ் சோதனைக்கு அனுப்புவதற்கு முன்னால், முன்னோட்டமாகச் சில அடுக்குமாடிப் புளோக்குகளில் பெட்டிகளைப் பொருத்தினார்கள்.

ஆறு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, பாசிர் ரிஸ்ஸில் ஒரு புளோக்கில் மின்சாரம் போயிற்று. தூக்கி ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் நின்றது. எங்கள் பெட்டி அதை நகர்த்தவில்லை. உள்ளே டயாலிசிஸ் முடித்துவந்த ஒரு பெரியவர் சக்கர நாற்காலியில் இருந்தார், கூட அவர் மனைவி. அவர்களை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. பெரியவருக்கு மயக்கம் வந்து தெளிந்தது. ஒன்றும் ஆகவில்லை என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அந்த ஆறுதல் பிடிக்கவில்லை. ஒன்றும் ஆகாமல் போனதற்கு நாங்கள் எதுவும் செய்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டி ஆய்வகத்துக்கு வந்தது. திறந்து பார்த்தோம். ஒரு சுவிட்சின் கால் போர்டோடு சேரும் சாலிடர் இணைப்பு விட்டுப்போயிருந்தது. முன்னோட்டப் பெட்டிகள் எல்லாம் கையால் சாலிடர் செய்தவை. செய்தவர் தங்கவேல்.

தங்கவேலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். முதலில் கப்பல் பட்டறையில் மின்கம்பி வேலைக்கு வந்து, பிறகு எங்களிடம் டெக்னீஷியனாகச் சேர்ந்து ஆறு வருடமாகியிருந்தது. தேக்கா பக்கம் ஒரு வாடகை அறையில் இன்னும் மூன்று பேரோடு தங்கியிருந்தார். மனைவியும் மகளும் ஊரில். அவர் வைக்கிற இணைப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் இயந்திரம் வைத்தது போல இருக்கும். அந்த மாதம்தான் அவருடைய எஸ் பாஸை, அதாவது இங்கே வேலை செய்வதற்கான அனுமதியை, புதுப்பிக்க வேண்டியிருந்தது.

ஜெகன் இணைப்பைப் பார்த்ததும் முடிவுக்கு வந்துவிட்டான். ஜெகன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், கெட்டவன் அல்ல. அவனுக்குப் பயம், அவ்வளவுதான். சூட்டினால் போயிருக்க முடியாது, அளவுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, அக்காவே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஆகவே இணைப்பை வைத்த கைதான் தப்பு என்று வாதம் கட்டினான். என் அளவுதான் அவனுக்குச் சாட்சி. போர்டு அந்த இடத்தில் பழுப்பேறியிருக்கிறதே என்றேன். இணைப்பு விட்டபோது பொறி பறந்திருக்கும் என்றான். பொறி ஒரு புள்ளியைக் கருக்கும். இது உள்ளங்கை அகலத்துக்கு, மறந்துபோய்க் கல்லிலேயே விட்ட தோசை மாதிரி சீராகப் பழுத்திருந்தது. அதை நான் அவனிடம் சொல்லவில்லை. அப்போதே என் பத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மற்றப் புளோக்குகளில் இருந்த பெட்டிகளை எல்லாம் சனிக்கிழமை மாலைக்குள் அணைத்துவிடுவதாக மின்தூக்கி நிறுவனத்தார் சொல்லியிருந்தார்கள். அதற்குள் ஒன்றை, ஓடிக்கொண்டிருக்கும்போதே தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று சனிக்கிழமை மதியம் பாசிர் ரிஸ்ஸுக்கு ரயில் ஏறினேன். அவர்களுடைய மெக்கானிக் ஒருவர் மேல்மாடியில் எனக்காக அலமாரியைத் திறந்துவிட்டார். மேற்குப் பார்த்த நடைபாதை. வெயில் நேராக அலமாரிக் கதவில் அடித்துக்கொண்டிருந்தது. மூடிய பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டேன். வெளியே இப்படியென்றால் உள்ளே என்ன கதி என்று கணக்குப் போட எனக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஆறு மாதம் மெல்ல மெல்ல வெந்த இணைப்பு, மின்சாரம் போய்ப் பாரம் ஏறிய நொடியில் விட்டுவிட்டது. தங்கவேலின் கை அல்ல, என் பத்துதான் அந்தப் பெரியவரைத் தூக்கிக்குள் நிறுத்தியது.

அது எனக்குச் சனிக்கிழமை மதியம் தெரிந்துவிட்டது. இந்த நாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். பையோடு உணவங்காடிப் பக்கம் திரும்பியபோது தங்கவேல் ஒரு மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் கோப்பையில் தே தாரிக் ஆறிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லி நானும் உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, மேசையைக் கையால் துடைத்துவிட்டு, என் பக்கமாக விரித்தார். ஆங்கிலத்தில் ஐந்து வரி. கோளாறுக்குத் தன் வேலைத்தரக் குறைவே காரணம் என்று ஒப்புக்கொள்வதாக எழுதி, கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது. ஜெகன் வெள்ளி மாலை கொடுத்தானாம். சும்மா ஒரு நடைமுறைதான், எச்சரிக்கையோடு போய்விடும் என்றானாம். அந்தக் காகிதம் கோப்பில் ஏறினால் பாஸைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று தங்கவேலுக்குத் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது.

“மேடம், ரெண்டு நாளா யோசிச்சுப் பாத்துட்டேன்,” என்றார். “அந்த ஜாயின்ட்ட நான் நல்லாத்தான் வெச்சேன். ஆனா நீங்க எடுத்த ரீடிங் சரியாத்தான இருக்கும். அப்ப என் கைதான் எங்கயோ தப்பிருக்கணும். நீங்க சொல்லுங்க, போட்டுறவா?”

இதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. போடாதீர்கள், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே வார்த்தை. நான் என்ன செய்தேன் தெரியுமா? காகிதத்தை மறுபடி ஒரு தடவை படிப்பது போலப் பாவனை செய்தேன். ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கிறது, முப்பது வருடமாகச் சேர்த்த பெயர் இருக்கிறது, முதலில் சோதனை செய்து எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நாம் பொறியாளர்கள் இல்லையா, கோழைத்தனத்துக்குக்கூட ஆதாரம் வேண்டும் என்று பெயர் வைத்துவிடுவோம்.

“நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கலாம் தங்கவேல்,” என்றேன். “இப்ப ஒண்ணும் பண்ணாதீங்க.”

அவர் சரி மேடம் என்று காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மீன் கெட்டுவிடும் என்று நான் எழுந்துவிட்டேன்.

திங்கள் காலை எல்லாருக்கும் முன்னால் ஆய்வகத்துக்குப் போனேன். அதே மாதிரியில் ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் ஊசித் துளை போட்டு, வெப்பம் அளக்கும் மெல்லிய கம்பிகளை உள்ளே விட்டு, சுவிட்சின் காலருகே ஒட்டினேன். மூடியைத் திருகினேன். அலமாரிக்குள் இருப்பது போலப் பெட்டியைப் பழைய அட்டைப்பெட்டிக்குள் வைத்து, குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு ஓடவிட்டேன். குளிர் நின்றதும் ஒவ்வொருவராக ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டு என் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். மதியத்துக்குள் எண் நிலைத்து நின்றது, மூடியில்லாமல் எடுத்த பழைய எண்ணை அதிலிருந்து கழித்தேன். மூடிக்குப் பத்து இல்லை, முப்பத்தொன்பது.

அதை எழுதி எடுத்துக்கொண்டு ஜெகனிடம் போனேன். எண்ணைப் பார்த்தவன் எழுந்து அறைக் கதவைச் சாத்தினான்.

“அக்கா, கொஞ்சம் யோசிங்க லா,” என்றான். “டெக்னீஷியன் மிஸ்டேக்னா ஒரு வாரத்துல கேஸ் குளோஸ். டிசைன் மிஸ்டேக்னா ப்ராஜெக்ட்டே போயிடும். பதினோரு பேரோட வேலை இது.”

“தங்கவேலையும் சேத்து எண்ணு. பன்னெண்டு.”

“நான் அவர வேணும்னு மாட்டிவிடல. உங்க ரீடிங்க நம்பித்தான் எழுதுனேன்.”

“தெரியும். அதனாலதான் வந்திருக்கேன். எய்தவ நான் இருக்கேன், நீ எதுக்கு அம்ப நோவுற?”

ஜெகன் தன் அறிக்கையைக் கணினியில் திறந்து, காரணம் என்ற பத்தியை அழித்துவிட்டு, நீங்களே சொல்லுங்கள் எழுதுகிறேன் என்றான். நான் சொல்லச் சொல்ல எழுதினான். வடிவமைப்பாளர் மூடியைக் கழற்றிய நிலையில் மட்டும் வெப்பத்தை அளந்தார், பழைய திருத்தத்தைப் புதிய பெட்டிக்குச் சோதிக்காமல் பயன்படுத்தினார் என்று என் பெயரோடு அந்தப் பத்தி அமைந்தது. பெயர் வேண்டாமே, குழு என்று போடலாமே என்று கேட்டான். குழு கையெழுத்துப் போடவில்லை, நான்தான் போட்டேன் என்றேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று பிறகு சிலர் தேற்ற வந்தார்கள். சறுக்கிய ஆனை யார் மேல் விழுந்தது என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இயக்குநரும் மின்தூக்கி நிறுவனத்தின் தலைமைப் பொறியாளரும் உட்கார்ந்த கூட்டம். அதில் என் தப்பை நான் சொல்லி முடித்தேன். இயக்குநர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நல்ல மனிதராகச் சிரித்துக்கொண்டே, சரி, நேர்மைக்கு நன்றி, இனி பழைய பெரிய பெட்டிக்கே திரும்பிவிடுவோம், சின்னதாக்குவது நமக்குச் சரிப்படாது என்று தெரிந்துவிட்டது என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

முடியாது என்றேன். தப்பு என்னுடையது, அதை ஒத்துக்கொண்டுவிட்டேன். அதை வைத்து நான் நம்பாத இன்னொன்றையும் என்னை ஒத்துக்கொள்ள வைக்காதீர்கள் என்றேன். இணைப்பு வெந்தது பெட்டி சின்னதாக இருந்ததால் அல்ல. நான் சிந்தவிட்ட சூட்டால் வெந்தது. பெரிய பெட்டியும் அதே அளவு சிந்துகிறது, இடம் அதிகமாக இருப்பதால் அது நம் கண்ணில் படவில்லை. முழுப் பூசணிக்காயை இத்தனை வருடம் சோற்றில் மறைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். பெரிய பெட்டி அந்த அலமாரிக்குள் போகாது, போகாவிட்டால் அந்தத் தூக்கிகளுக்கு மீட்புப் பெட்டியே கிடையாது. அந்தப் பெரியவர் மறுபடி நடுவில் நின்றால் அளவுகள் சரியாக இருந்தன என்று அவர் மனைவியிடம் போய்ச் சொல்வீர்களா என்று கேட்டேன். தப்புச் செய்தவள் குரலை உயர்த்தலாமா என்று நினைத்தவர்கள் அந்த அறையில் இருந்தார்கள். உயர்த்தலாம். தப்பை ஒத்துக்கொள்வதற்கும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பதற்கும் சம்பந்தமில்லை.

மின்தூக்கி நிறுவனப் பொறியாளர், அதிகம் பேசாத ஒரு சீன அம்மா, என் தாளை வாங்கி முப்பத்தொன்பதைப் பேனாவால் வட்டமிட்டார். இந்த எண்ணைப் பத்துக்குக் கீழே கொண்டுவர எத்தனை மாதம் வேண்டும் என்று மட்டும் கேட்டார். ஆறு என்றேன். கொடுக்கலாம் என்றார்.

தலைமைப் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். என்னைவிட இருபது வயது சின்னவரின் கீழ் என்னைப் போட்டார்கள். போட்டுக்கொள்ளட்டும் என்று அவருக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்தேன். முதலில் சிந்துவதைக் குறைத்தோம். சுவிட்சில் மின்னழுத்தம் சுழியாகும் அந்தக் கணம் பார்த்து அதைப் போட்டால் சிந்துவது பாதிக்கு மேல் குறையும். அந்தக் கணத்தைப் பிடிப்பதற்கே நாலு மாதம் போயிற்று. பிறகு போர்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, சூடாகும் உறுப்புகள் மூடியின் உட்புறத்தைத் தொடும்படி வைத்தோம். மூடியே சூட்டை வெளியே கொண்டுபோக ஆரம்பித்தது. கவிழ்த்த போர்டில் சாலிடர் செய்வது நரகம். அந்தப் போர்டுகளை எல்லாம் தங்கவேல்தான் செய்தார், அவருக்குப் பாஸ் கிடைத்துவிட்டது. ஆறாவது மாதம் மூடிய பெட்டியை அளந்தபோது வித்தியாசம் எட்டு. பெட்டியும் முன்பிருந்ததைவிட ஒரு விரல் குறைந்திருந்தது. அது இப்போது பல புளோக்குகளில் ஓடுகிறது, உங்களில் சிலர் தினமும் அந்தத் தூக்கிகளில்தான் ஏறி இறங்குகிறீர்கள்.

இதோடு முடித்துக்கொள்ளலாம். முடித்தால் நான் நல்லவளாகத் தெரிவேன். நான் விடைபெற்ற நாளில்கூட, தன் பெயரைத் தானே எழுதச் சொன்ன துணிச்சல்காரி என்று ஒருவர் மேடையில் பேசினார். கை தட்டினார்கள். தங்கவேலும் பின்வரிசையில் நின்று தட்டினார். ஆனால் அவருக்கும் எனக்கும் தெரிந்த ஒன்றை அந்த மேடையில் யாரும் சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கூட்டம் முடிந்ததும் நேராகத் தங்கவேலின் மேசைக்குப் போனேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், மறைப்பானேன். விஷயத்தை ஜெகன் அவரிடம் முந்தின நாளே சொல்லியிருந்தான். சாலிடரிங் கம்பியைத் தாங்கியில் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“உங்களுக்கு எப்ப தெரியும் மேடம்?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. சனிக்கிழமை என்றேன்.

“அப்ப தேக்காவுல நம்ம உக்காந்திருந்தப்ப தெரியும்.”

ஆமாம் என்றேன்.

“நாளைக்குப் பேசிக்கலாம்னு நீங்க எந்திரிச்சுப் போனதும், சரி, மேடமும் கைய விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். அப்பவே வீட்டுக்குப் போன் போட்டு, பாஸ் கெடைக்காது, நான் ஊருக்கே வந்துர்றேன்னு சொல்லிட்டேன். என் வைஃப் அழுதுச்சு. பாப்பாவுக்குத்தான் சந்தோசம். அதுக்கு ஒம்போது வயசு. அப்பா இனிமே இங்கதான் இருப்பாருன்னு ஸ்கூல்ல எல்லார்ட்டயும் சொல்லிருக்கு. அப்பா வந்தா என்னென்ன பண்ணணும்னு நோட்டுல லிஸ்ட்டு போட்டு வெச்சிருக்கு. நேத்து ராத்திரி வரலைன்னு சொல்லிட்டேன். அழுகல மேடம். நோட்டுலேருந்து அந்தப் பேப்பரக் கிழிச்சு அம்மா கையில குடுத்துட்டுப் போயிருச்சாம்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை மேடம் என்று சொல்லிவிட்டு அவர் கம்பியை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு மூன்று வருடம் ஒரே மேசையில் வேலை செய்தோம். என்னிடம் ஒரு நாளும் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. அந்தப் பேச்சை மறுபடி எடுத்ததும் இல்லை.

இயக்குநருக்கு முன்னால் முடியாது என்று சொன்னவள் நான். இன்றைக்கும் தேவைப்பட்டால் சொல்வேன், உங்களையும் சொல்லச் சொல்வேன். ஆனால் அந்தப் பிள்ளை அந்தத் தாளில் என்னென்ன எழுதியிருந்தாள் என்று தங்கவேலிடம் கேட்க எனக்கு மூன்று வருடமும் தைரியம் வரவில்லை. உங்களுக்குச் சனிக்கிழமை தெரிந்தால் சனிக்கிழமையே சொல்லிவிடுங்கள்.